103க்கும் 102க்கும் நடுவே: 1992 அட்லாண்டா இறுதிப் பந்தயம்

நவம்பர் 3, 2025, காலை

வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வியிலிருந்து இந்த இழை தொடங்குகிறது. அவர் எழுதியது: “நேற்று பீனிக்ஸில் நடந்த நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடர்) இறுதிப் பந்தயத்தில் டெனி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். கைல் லார்சன் ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடவில்லை. ஆனாலும் லார்சன்தான் சாம்பியன். பந்தயத்தை வென்ற ரயன் பிளேனிக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடைசிப் பந்தயத்தை வெல்பவர்தான் சாம்பியனாக வேண்டும். 1992லும் இதே அநியாயம்தான் நடந்தது. பில் எலியட் வென்றார், இரண்டாவதாக வந்த ஆலன் குல்விக்கி பட்டத்தைக் கொண்டுபோனார். இதெல்லாம் புள்ளி முறையின் கோளாறு.”

பீனிக்ஸைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். 1992ஐ அந்தப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நவம்பர் 3, இரவு

காலையில் அவசரத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது முழுமையாக எழுதுகிறேன்.

1992 நவம்பர் 15 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் ஹேம்ப்டனில் உள்ள அட்லாண்டா மோட்டார் ஸ்பீட்வேயில், 29 பந்தயங்கள் கொண்ட அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் நடந்தது. தூரம் 500 மைல், சுற்றுகள் 328. ஏட்டுக் கணக்கின்படி பட்டம் வெல்லும் வாய்ப்போடு அன்று காலை ஆறு ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். டேவி அலிசன் முதலிடம். அவருக்கு 30 புள்ளிகள் பின்னால் குல்விக்கி, 40 புள்ளிகள் பின்னால் எலியட். அவர்களுக்குப் பின்னால் ஹாரி கேன்ட், கைல் பெட்டி, மார்க் மார்ட்டின்.

அக்காலப் புள்ளி முறையில் வெற்றிக்கு 175, இரண்டாம் இடத்துக்கு 170. ஒரு சுற்றாவது முன்னணியில் ஓடியவருக்கு 5 கூடுதல். அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு இன்னொரு 5. வெற்றிக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியும் 5, அதிகச் சுற்றுகளுக்கான பரிசும் 5 என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

எலியட் பந்தயத்தை வென்றார். 102 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். 175, 5, ஆக 180. குல்விக்கி இரண்டாவதாக வந்தார். 103 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். 170, 5, 5, ஆக அவருக்கும் 180. காலையில் எலியட்டைவிட 10 புள்ளிகள் முன்னால் இருந்தவர் மாலையிலும் அதே 10 புள்ளிகள் முன்னால் இருந்தார். இறுதிக் கணக்கு: குல்விக்கி 4078, எலியட் 4068, அலிசன் 4015.

அந்த ஒரு சுற்று இடம் மாறியிருந்தால், எலியட்டுக்கு 103, குல்விக்கிக்கு 102 என்று ஆகியிருக்கும். எலியட்டுக்கு 185, குல்விக்கிக்கு 175. இருவரும் 4073இல் சமமாக நின்றிருப்பார்கள். சமநிலை வந்தால் அந்தப் பருவத்தின் வெற்றிகளை எண்ணுவது வழக்கம். எலியட்டுக்கு ஐந்து, குல்விக்கிக்கு இரண்டு. பட்டம் எலியட்டுக்குப் போயிருக்கும். ஒன்றரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு சுற்று, பிப்ரவரி முதல் நவம்பர் வரை ஓடிய ஓட்டத்தைத் தீர்மானித்தது.

இதைக் கோளாறு என்கிறீர்கள். குல்விக்கியின் பிட்டில் (பந்தயத்தின் நடுவே பெட்ரோல் ஊற்றி டயர் மாற்றும் இடம்) இருந்தவர்கள் அந்தச் சுற்றை எண்ணிக்கொண்டே இருந்தார்கள் என்பதை அறிந்தபின் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 4

எண்ணினார்கள் என்பதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் குல்விக்கி முதலிடத்திலும் எலியட் அடுத்ததாகவும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் இன்னொரு முறை பெட்ரோல் தேவைப்பட்டது. முதலில் பிட்டுக்கு வருபவர் முன்னணியை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். குல்விக்கியின் பிட் குழுத் தலைவர் (குரூ சீஃப்) பால் ஆண்ட்ரூஸும் அவருடைய குழுவினரும் முன்னணிச் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே வந்து, டேங்க் தாங்கும்வரை அவரைப் பாதையிலேயே வைத்திருந்தார்கள். 310ஆம் சுற்றில்தான் உள்ளே அழைத்தார்கள். பெட்ரோல் மட்டும் ஊற்றினார்கள், டயர் மாற்றவில்லை. அதன்பின் மீதமிருந்த தூரம் 18 சுற்றுகள், ஏறத்தாழ 27 மைல். எலியட்டைத் துரத்திப் பிடிக்க வேண்டிய தேவை அப்போது அவருக்கு இல்லை. பெட்ரோல் தீராமல், சுவரில் உரசாமல், இரண்டாம் இடத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் வேலை. எலியட் சுமார் எட்டு நொடிகள் முன்னதாகக் கோட்டைக் கடந்தார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அன்று பந்தயத்தின் தொடக்கத்திலேயே, பிட்டிலிருந்து கிளம்பும்போது குல்விக்கியின் காரில் முதல் கியர் உடைந்துவிட்டது. ஓடும்போது அது தேவைப்படாது. ஓவல் பாதையில் வேகம் பிடித்தபின் மேல் கியரிலேயே ஓடலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் அது இல்லாத குறை தெரியும். கார் ஓட்டத் தெரிந்த எவரும் இதை உணர்வார்கள்: மேட்டில் நிற்கும் வண்டியை மேல் கியரில் எடுக்க முயன்றால் என்ஜின் முக்கி முனகி அணைந்துவிடும். ஒவ்வொரு பிட் ஸ்டாப்பிலும் அந்த அச்சத்தோடுதான் அவர் கிளட்சை விட்டிருக்க வேண்டும். கடைசி நிறுத்தத்தில் என்ஜின் அணைந்திருந்தால், 103 என்ற எண்ணுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது.

நவம்பர் 4, சற்றுப் பின்னர்

அலிசனை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. அவருக்கு ஆறாம் இடம் போதுமானதாக இருந்தது. 250 சுற்றுகள் கடந்த சற்று நேரத்தில் எர்னி அர்வனின் கார் டயர் பழுதாகி அவருக்கு நேர் முன்னால் சுழன்றது. விலக இடமில்லாமல் அலிசன் அதில் மோதினார். 27ஆம் இடம்.

நவம்பர் 5

நேற்று நான் எழுதியதில் ஒரு திருத்தம். “ஆறாம் இடம் போதும்” என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கக் கூடாது.

காலையில் அலிசனிடம் 3928 புள்ளிகள் இருந்தன, குல்விக்கியிடம் 3898. குல்விக்கி பந்தயத்தையும் வென்று அதிகச் சுற்றுகளும் முன்னணியில் ஓடியிருந்தால் 185 பெற்று 4083ஐத் தொட்டிருப்பார். அதற்கு ஈடுகொடுக்க அலிசனுக்கு 155 வேண்டும்; அது ஐந்தாம் இடத்துக்கான புள்ளி. சமநிலையானால் ஐந்து வெற்றிகளை வைத்திருந்த அலிசனே சாம்பியன். ஆகவே யார் என்ன செய்தாலும் பட்டம் உறுதி என்று சொல்லக்கூடிய இடம் ஐந்துதான். ஆனால் அன்று உண்மையில் நடந்தபடி குல்விக்கி 4078இல் நின்றதால், முன்னணியில் ஓடியதற்கான 5 புள்ளிகளையும் ஏற்கெனவே சம்பாதித்திருந்த அலிசன், ஆறாவதாக வந்திருந்தாலும் 4083 பெற்று வென்றிருப்பார். இரண்டு கூற்றுகளும் உண்மைதான். முதலாவது காலையின் கணக்கு, இரண்டாவது மாலையின் கணக்கு. நான் அவற்றைக் குழப்பிவிட்டேன்.

இதைத் திருத்தும்போதுதான் அலிசனின் அந்த ஆண்டு எத்தனை கொடியது என்பது நினைவுக்கு வந்தது. பிப்ரவரியில் டேட்டோனா 500ஐ வென்றார். ஜூலையில் பொக்கோனோவில் கார் பல முறை உருண்டு பலத்த காயமடைந்தார். ஆகஸ்டில் அவருடைய தம்பி கிளிஃபர்ட் மிச்சிகனில் பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். அத்தனைக்கும் பிறகு பீனிக்ஸில் வென்று, புள்ளிப் பட்டியலில் முதலிடத்தோடு அட்லாண்டாவுக்கு வந்தார். அவருக்கும் பட்டத்துக்கும் நடுவே கடைசியில் நின்றது வேறொருவர் காரின் டயர்.

நவம்பர் 7

கேள்வியை எழுப்பியவர் பதில் எழுதியிருக்கிறார்: “குல்விக்கி காலையிலும் பத்துப் புள்ளி முன்னால், மாலையிலும் பத்துப் புள்ளி முன்னால் என்றால், அந்த இருவருக்கும் இடையே அந்தப் பந்தயம் எதையும் தீர்மானிக்கவில்லை என்றுதானே பொருள்?”

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. எண்ணளவில் நீங்கள் சொல்வது சரி. 328 சுற்றுகள் ஓடியபின் இருவருக்கும் இடையேயான கணக்கில் எள்ளளவும் மாற்றமில்லை.

ஆனால் எதிரி அன்று செய்யக்கூடிய ஆகச் சிறந்ததைச் செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். எலியட் பந்தயத்தையே வென்றார். அதற்கு மேல் அவர் ஏற ஒரு படிதான் இருந்தது. அந்தப் படியில் குல்விக்கி நின்றுகொண்டிருந்தார். பத்துப் புள்ளி என்பது வைத்த இடத்தில் தானாக இருக்கும் பொருளாக இல்லை. எலியட் இழுத்த இழுப்புக்கு அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டியிருந்தது.

1988ஐயும் இங்கே நினைவூட்ட வேண்டும். அதே அட்லாண்டா, அதே கடைசிப் பந்தயம். ரஸ்டி வாலஸ் வென்றார். எலியட் பதினோராவதாகக் காரைப் பத்திரமாகக் கொண்டுவந்து 24 புள்ளிகள் வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். அன்று நிதானத்தின் பக்கம் நின்றவர் எலியட். நான்கு ஆண்டுகள் கழித்து வெற்றியின் பக்கம் அவர் நின்றார், பட்டம் மறுபக்கம் போனது. ஒன்றை அநியாயம் என்றால் மற்றொன்றையும் அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 9

என் சொந்த அனுபவத்தைக் கேட்டிருந்தார்கள். 1992இல் நான் இதைப் பார்க்கவில்லை. ஜார்ஜியாவுக்கு நான் வந்தது 2004இல். அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பக்கத்து மேசையில் இருந்தவர் டாசன்வில்காரர். பில் எலியட்டின் ஊர். அவர்தான் எனக்கு ஸ்டாக் கார் பந்தயத்தைக் கற்றுக்கொடுத்தார். கால்பந்தையோ கிரிக்கெட்டையோ பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது, பேரேட்டைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்பார். யார் முன்னால் போகிறார் என்பதைவிட யார் எப்போது பிட்டுக்கு வந்தார் என்பதை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வார்.

அவர் சொன்னபடி, 1992 பந்தயத்தின் தொலைக்காட்சிப் பதிவைத் தேடிப் பிடித்து, ஒரு விடுமுறை நாள் முழுவதும் நீளமான கணக்கு நோட்டில் எண்ணினேன். இடப்பக்கம் குல்விக்கி, வலப்பக்கம் எலியட், நடுவில் மற்றவர்கள். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டு ஒரு கட்டு. பென்சிலை மூன்று முறை சீவினேன். 103க்கும் 102க்கும் போய்ச் சேருவேன் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். முடியவில்லை. விளம்பர இடைவேளை வரும்போதெல்லாம் சுற்றுகள் பார்வைக்கு வெளியே ஓடிவிடுகின்றன. திரும்பி வரும்போது யார் எத்தனை சுற்று முன்னால் ஓடினார் என்பதை ஊகிக்கத்தான் முடிகிறது. என் நோட்டில் இருவருமே நூறுக்குக் கீழே நின்றார்கள்.

அந்தத் தோல்விதான் எனக்குப் பாடமாக இருந்தது. சாவகாசமாக நாற்காலியில் அமர்ந்து, வேண்டும்போது நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கும் வசதியோடு என்னால் செய்ய முடியாததை, நாற்பது கார்களின் இரைச்சலுக்கு நடுவே, டயரும் பெட்ரோலும் உடைந்த கியரும் தலைக்கு மேல் தொங்க, சிலர் பிழையின்றிச் செய்தார்கள்.

நவம்பர் 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, “கணக்குப் பிள்ளையின் பார்வையில் எல்லாமே கணக்காகத் தெரிகிறது, ஓட்டுநரின் திறமை எங்கே?” என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன்.

குல்விக்கி விஸ்கான்சினின் கிரீன்ஃபீல்டைச் சேர்ந்தவர். 1977இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். நாஸ்கார் சாம்பியன்களில் கல்லூரிப் பட்டம் பெற்ற முதலாமவர் அவரே. அமெரிக்கத் தென்மாநிலத்தாரின் குடும்பச் சொத்தாகவே இருந்த விளையாட்டுக்குள் நுழைய, தன் உடைமைகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டுச் சார்லட்டுக்குக் கிளம்பினார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மின்கசிவில் அவருடைய டிரக் எரிந்துபோனது. டிரெய்லரை இழுத்துச் செல்ல இன்னொருவரிடம் வண்டி இரவல் வாங்கிக்கொண்டு போனார். 1986இல் சிறந்த புதுமுக ஓட்டுநர் விருது பெற்றார்.

காரை ஓட்டியதும் அவர், அணியின் உரிமையாளரும் அவர். பெரும் அணி உரிமையாளரான ஜூனியர் ஜான்சன் தன் காரை ஓட்ட அழைத்தும் போகவில்லை. 1992இல் எலியட் ஓட்டியது அந்த ஜூனியர் ஜான்சனின் கார்தான். அலிசன் ஓட்டியது ராபர்ட் யேட்ஸின் கார். மூவருடையதும் ஃபோர்டு தண்டர்பேர்டு. ஆனால் இருவர் பின்னால் பெரிய பட்டறைகள் நின்றன. ஒருவர் தன் பணத்தையும் தன் பெயரையும் தானே ஏந்திக்கொண்டிருந்தார். அன்று குல்விக்கி தன் காரின் முன்பக்கத்தில் ‘தண்டர்பேர்டு’ என்ற பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை (Th) எடுத்துவிட்டு ‘அண்டர்பேர்டு’ என்று ஆக்கியிருந்தார். ஆங்கிலத்தில் அதற்கு எளியவன், வெல்வான் என்று யாரும் எதிர்பாராதவன் என்ற பொருள் தொனிக்கும்.

செப்டம்பர் 20 அன்று டோவரில் மோதியபோது, ஆறு பந்தயங்களே மீதமிருக்க, எலியட்டைவிட 278 புள்ளிகள் பின்னால் இருந்தார். அங்கே பருவம் முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். பிறகு எலியட்டின் காருக்கு இயந்திரக் கோளாறு மேல் கோளாறாக வந்தது. பீனிக்ஸுக்குப் போகும்போது எலியட்தான் முதலிடம், திரும்பும்போது மூன்றாமிடம். ஆகவே, ஒரு சுற்று எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நான் முதலில் எழுதியது முழு உண்மையாகாது. எலியட்டின் பட்டறைக் கோளாறுகளும் அர்வனின் டயரும் அதே அளவு தீர்மானித்தன. குல்விக்கியின் கையில் இருந்தவை தன் காரை முடிவுவரை ஓட வைப்பதும், கடைசி நாளில் அந்த ஒரு சுற்றை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் மட்டுமே. தன் கையில் இருந்த இரண்டையும் அவர் தவறவிடவில்லை. இப்படித் திருத்தி எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நவம்பர் 12

ரிச்சர்ட் பெட்டி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்ற குறைக்குப் பதில். 200 வெற்றிகள், ஏழு பட்டங்கள். அவருடைய கடைசிப் பந்தயம் இதுதான். மைதானத்துக்கு வந்தவர்களில் பலர் அவரைப் பார்க்கத்தான் வந்தார்கள். பந்தயத்துக்கு முன் சக ஓட்டுநர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் தொடக்க இடத்தின் எண் பொறித்த பணக் கிளிப் ஒன்றை நினைவுப் பொருளாகக் கொடுத்தார். நூறு சுற்று ஆவதற்குள் விபத்தில் சிக்கி அவருடைய காரில் தீப்பற்றியது. குழுவினர் அந்தச் சிதைந்த காரை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முடிவுக் கொடி விழும்போது பெட்டி பாதையில் ஓடிக்கொண்டிருந்தார். 35ஆம் இடம். பட்டியலில் அது வெறும் எண். அந்தப் பட்டறைக்காரர்களுக்கு அது எத்தனை பெரியதாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதே பந்தயத்தில்தான் 21 வயது ஜெஃப் கார்டன் முதன்முறையாகக் கப் பந்தயத்தில், அதாவது நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில், ஓடினார். 31ஆம் இடம். எவரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். பின்னாளில் நான்கு பட்டங்கள் வென்றார்.

நவம்பர் 13

பீனிக்ஸுக்கு வருகிறேன்; முதல் நாளே வாக்களித்திருந்தேன்.

பீனிக்ஸுக்கும் 1992க்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், லார்சன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முடிவுக்கு மூன்று சுற்றுகள் இருக்கும்போது வில்லியம் பைரனின் டயர் போய், எல்லாரும் வேகம் குறைக்க வேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், லார்சன் இரண்டு மாற்றி நேரத்தை மிச்சப்படுத்தினார். லார்சன் மூன்றாவதாக வந்தார், ஹாம்லின் ஆறாவதாக. பட்டத்துக்குத் தகுதி பெற்று வந்த நான்கு பேரில் முன்னால் வருபவருக்குப் பட்டம் என்பது 2025இன் விதி. விதிக்குள் எடுத்த நல்ல முடிவு அது.

என் ஆதங்கம் விதியின் மேல்தான். அந்த முறையில், முந்தைய மாதங்கள் அனைத்தும் கடைசி நாள் காலையில் அழிக்கப்பட்டன. நால்வரும் சமமாக நின்றார்கள். 1992இல் ஆறு பேர் வந்தபோது அவரவர் பருவம் முழுவதும் சேர்த்த புள்ளிகளோடு வந்தார்கள். மார்ட்டினுக்கு 113 புள்ளிப் பள்ளம், அலிசனுக்கு 30 புள்ளி மேடு. ஒவ்வொருவருக்கும் அன்று செய்ய வேண்டிய வேலை வேறு வேறாக இருந்தது. அதனால்தான் ஒரே பந்தயத்துக்குள் பல கணக்குகள் ஓடின. ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னணியில் ஓடியதற்குப் பட்டக் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. குல்விக்கி ஓடிய 103 சுற்றுகளுக்கு அன்று விலை இருந்தது. கேள்வி கேட்டவர் புள்ளி முறையைக் குறை சொன்னார். புள்ளிகளை மறந்துவிட்ட முறையில்தான் குறை என்பது என் கருத்து.

நவம்பர் 14

2011ஐ மறந்துவிட்டீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மறக்கவில்லை, நேற்று எழுதியிருக்க வேண்டும்.

2011 நவம்பர் 20, ஹோம்ஸ்டெட். கார்ல் எட்வர்ட்ஸ் மூன்று புள்ளிகள் முன்னால். டோனி ஸ்டூவர்ட் பந்தயத்தை வென்றார், எட்வர்ட்ஸ் இரண்டாவது. அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியதும் எட்வர்ட்ஸ்தான். இருவரும் 2403இல் சமம். வெற்றிகளை எண்ணினார்கள், ஸ்டூவர்ட்டுக்கு ஐந்து, எட்வர்ட்ஸுக்கு ஒன்று. 1992இல் ஒரு சுற்று மாறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று முதல் நாள் எழுதினேனே, அது ஹோம்ஸ்டெட்டில் நடந்தே விட்டது. குல்விக்கியைப் போல் இரண்டாவதாக வந்து, குல்விக்கியைப் போல் அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவர் தோற்றார். வென்ற ஸ்டூவர்ட், தன் அணியில் உரிமையாளராகவும் இருந்துகொண்டு ஓட்டியவர். குல்விக்கிக்குப் பின் அப்படிப் பட்டம் பெற்ற முதலாமவர் அவர்தான்.

நவம்பர் 16

நேற்று, அந்தப் பந்தயம் நடந்து 33 ஆண்டுகள் நிறைந்தன. காலையில் ஹேம்ப்டனுக்கு ஒரு நடை போய்வந்தேன்.

பார்வையாளர் மாடங்களுக்கு முன்னால் இருக்கும் முடிவுக் கோடு குல்விக்கி கடந்த கோடு இல்லை. 1997இல் பாதையை மாற்றி அமைத்தபோது முன்பக்க நேர்ப்பாதையையும் (முன்நேர்) பின்பக்க நேர்ப்பாதையையும் (பின்நேர்) இடம் மாற்றிவிட்டார்கள். எலியட்டும் அவருக்குப் பின் குல்விக்கியும் கொடியை வாங்கிய இடம் இப்போது எதிர்ப்பக்கத்தில், பின்நேராக இருக்கிறது. முன்பு 1.522 மைலாக இருந்த பாதை இப்போது 1.54 மைல். வளைவுகளின் சாய்வையும் 2022இல் 28 பாகையாக உயர்த்திவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று அந்தப் பின்நேரைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடி விழுந்தபின் குல்விக்கி காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார். அதைப் போலந்து வெற்றிச் சுற்று என்பார்கள். 1988இல் பீனிக்ஸில் முதல் வெற்றி பெற்றபோது அவர் தொடங்கியது. எதிர்த்திசையில் போனால் ஓட்டுநரின் ஜன்னல் கூட்டத்தின் பக்கம் இருக்கும், முகம் பார்த்துக் கையசைக்கலாம். பிறகு காரை நிறுத்தியதும் உடனே இறங்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்து சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டுதான் வெளியே வந்தார். பதிவில் அதைப் பார்க்கும்போதெல்லாம், பட்டறைப் பையன் ஒருவன் பெண் பார்க்கப் போவதற்கு முன் கண்ணாடி தேடுவது நினைவுக்கு வருகிறது. அவ்வளவு கவனம், அவ்வளவு மரியாதை அந்த நாளின் மேல்.

1993 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் டென்னசியின் பிளவுண்ட்வில் அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 38. அந்தப் பிரிஸ்டல் பந்தயத்தை வென்ற ரஸ்டி வாலஸ் எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டி அஞ்சலி செலுத்தினார். ஜூலை 12 அன்று டாலடேகாவில் ஹெலிகாப்டர் விழுந்து, மறுநாள் டேவி அலிசனும் போனார். வயது 32. ஹேம்ப்டனில் பட்டத்துக்காக மோதிய மூவரில் இருவர் எட்டு மாதத்துக்குள் இல்லை. 2019இல் குல்விக்கி, அலிசன், ஜெஃப் கார்டன் மூவரும் ஒரே ஆண்டில் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

நவம்பர் 18

ஒரு சிறு பின்குறிப்பு. டாசன்வில்லில் பூல் ரூம் என்று ஓர் உணவகம் இருக்கிறது. எலியட் பந்தயம் வென்றால் அங்கே சைரன் ஒலிக்கும். நம் ஊர் ஆலைச் சங்கு போல ஊர் முழுக்கக் கேட்கும். இப்போது மகன் சேஸ் எலியட் வென்றாலும் ஒலிக்கிறது. 1992 நவம்பர் 15 அன்று ஒலித்ததா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழைய பக்கத்து மேசை நண்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். ஒலித்தது என்றார். பட்டத்துக்கு அல்ல, வெற்றிக்குத்தான் அந்தச் சைரன் என்பது ஊருக்கே தெரியுமாம். ஆனாலும் வானொலிப் பெட்டி இல்லாத தெருக்களில் சிலர் வாசலுக்கு வந்து, “பட்டமும் நமக்குத்தானா?” என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டார்களாம். அவருடைய அப்பா தன் வீட்டுப் படியில் நின்று, விரல்களை விரித்து, இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாராம்: பத்து.